பொறியியல் மாணவருக்கு லேப்டாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்துப் பொறியியல் படிப்பில் சேரவிருக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலான குடும்பங்களுக்கு இது சிறிய செலவல்ல. தவறாக வாங்கினால் நான்கு ஆண்டுகளும் அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். அதனால் சில இடங்களில் விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

கலந்தாய்வு நடந்துகொண்டிருக்கிறது. ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் வாங்கிவிடலாமா?

வேண்டாம். கல்லூரியும் பாடப்பிரிவும் உறுதியாகட்டும். கலந்தாய்வில் முதலில் கிடைத்த இடம் மேல்விருப்பத்துக்கு நகரலாம். மெக்கானிக்கல் கிடைக்கும் என்று நம்பி வாங்கிய இரண்டரை கிலோ இயந்திரத்தை ஐடி படிக்கப் போகிற பெண் தினமும் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியிருக்கும்.

சேர்க்கை அன்று துறை ஆசிரியர் ஒருவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் என்னென்ன மென்பொருள்கள் பயன்படுகின்றன? கல்லூரியின் உரிமத்தை மாணவரின் சொந்த லேப்டாப்பிலும் போட்டுக்கொள்ள முடியுமா? கல்லூரியே லேப்டாப் தருகிறதா, அல்லது இன்ன அளவில் இருக்க வேண்டும் என்று விதி ஏதும் வைத்திருக்கிறதா? இந்தப் பதில்கள் கையில் இருந்தால் கடைக்காரர் சொல்வதில் பாதி தேவையற்றது என்று தெரிந்துவிடும்.

முதல் செமஸ்டரில் கணிதம், இயற்பியல், வேதியியல், கூடவே பைதான் அல்லது சி நிரலாக்கம். இந்த நிரல்கள் எந்தச் சுமாரான கணினியிலும் ஓடும். இன்ஜினியரிங் கிராபிக்ஸ் பெரும்பாலான கல்லூரிகளில் டிராஃப்டரும் தாளும் வைத்துக் கையால் வரைவதுதான். ஆகவே தீபாவளி விற்பனை வரை காத்திருந்தாலும் படிப்பு கெடாது. கணினிப் பிரிவு மாணவர்கள் மட்டும் விதிவிலக்கு. தினமும் தட்டித் தட்டித்தான் நிரலாக்கம் வரும் என்பதால் அவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒன்று கையில் இருப்பது நல்லது.

அரசு லேப்டாப் தருகிறதே, அதுவே போதாதா?

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று தமிழக அரசின் 2025-26 பட்ஜெட் அறிவித்தது. உங்கள் கல்லூரிக்கும் உங்கள் ஆண்டுக்கும் அது உண்டா என்பதை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளை அதில் ஓட்டிவிட்டு, வேலை கனமாகும் மூன்றாம் ஆண்டில் சொந்தமாக வாங்கலாம். அதே பணத்துக்கு அப்போது புதிய தலைமுறை இயந்திரம் கிடைக்கும்.

எந்தப் பிரிவுக்கு எப்படிப்பட்டது தேவை?

கணினி அறிவியல், ஐடி, ஏஐ-டேட்டா சயின்ஸ் மூன்றுக்கும் பிராசசரும் ரேமும்தான் உயிர். கோட் எடிட்டர், டேட்டாபேஸ், பிரவுசரில் இருபது டேப், நடுவே டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) என்று எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். மொபைல் செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டரோடு (கணினிக்குள் ஓடும் போலி போன்) ஓட்டினால் 8 ஜிபி ரேம் மூச்சுத் திணறும். தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. அந்தப் பணத்தை நல்ல திரைக்கும் நல்ல விசைப்பலகைக்கும் கொடுங்கள்.

இசிஇ, இஇஇ மாணவர்கள் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசர் உள்ள விண்டோஸ் லேப்டாப்பை விட்டு நகர வேண்டாம். மைக்ரோகன்ட்ரோலர் வகுப்பில் வரும் கெய்ல் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் வசதியாக ஓடும். எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) வகுப்புக்கான விவாடோ மென்பொருள் விண்டோஸிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்திலும் மட்டும். விவாடோவை முழுதாக நிறுவினால் 100 ஜிபியைத் தாண்டி விழுங்கும். நிறுவும்போது உங்கள் ஆய்வகப் போர்டில் உள்ள சிப் குடும்பத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் இடம் பெருமளவு மிச்சமாகும். ஆர்டுயினோ போர்டையும், சிப்பில் நிரல் ஏற்றும் புரோகிராமர் கருவியையும் செருகுவதற்குப் பழைய அகலமான யுஎஸ்பி துளைகள் குறைந்தது இரண்டு வேண்டும். மெல்லிசு லேப்டாப்புகளில் இவை குறைந்துகொண்டே வருகின்றன.

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பிரிவுகளில் முப்பரிமாண வடிவமைப்புக்கு சாலிட்வொர்க்ஸ், கிரியோ, சிமுலேஷன் கணக்குகளுக்கு ஆன்சிஸ். தனி கிராபிக்ஸ் கார்டுக்கு நியாயமான காரணம் இங்கேதான் இருக்கிறது. சாலிட்வொர்க்ஸ் நிறுவனம் சான்றளித்த பட்டியலில் சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டுகள் இருக்காது. ஆனால் மாணவர்கள் செய்யும் அளவிலான அசெம்பிளிக்கு அவை தாராளம். ஆன்சிஸின் இலவச மாணவர் பதிப்பு கட்டமைப்புக் கணக்குகளில் 1,28,000 கணுக்களோடு (கணக்குக்காகப் பொருளைப் பிரிக்கும் புள்ளிகள்) நின்றுவிடும். எனவே ஆன்சிஸுக்காகவே லட்ச ரூபாய் இயந்திரம் வாங்குவதில் பயனில்லை.

சிவிலில் வரைபடத்துக்கு ஆட்டோகேட், கட்டமைப்புக் கணக்குக்கு ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ், முப்பரிமாணக் கட்டட மாதிரிக்கு ரெவிட். முதல் மூன்றும் 16 ஜிபி ரேம் இருந்தால் தனி கார்டு இல்லாமலே ஓடும். ரெவிட்டில் பெரிய கட்டடத்தை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கவும் ரெண்டர் (நிஜம்போன்ற படமாக மாற்றுவது) செய்யவும் போனால்தான் கார்டு உதவும். அளவுகளைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை என்பதால் வலப்பக்கம் எண் விசைகள் உள்ள 15.6 அங்குல லேப்டாப் வசதி.

கெமிக்கல், பயோடெக் மாணவர்களுக்கு 16 ஜிபி ரேம் உள்ள நடுத்தர விண்டோஸ் லேப்டாப் எதுவும் போதும்.

‘ஐ5 பிராசசர்’ என்று போட்டிருந்தால் போதுமா?

போதாது. பெட்டியின் மேல் பெரிதாக இருப்பது வரிசைப் பெயர். பிராசசர் எப்படிப்பட்டது என்பதைச் சொல்வது அதன் பின்னால் சின்னதாக வரும் எண். அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஏஎம்டியின் 7000 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று இரண்டு இருக்கின்றன. பெயரில் ஒரு எண்தான் வித்தியாசம். ஆனால் முன்னதில் நான்கு கோர்கள் (கணக்கு போடும் உட்பகுதிகள்), உள்ளிருப்பது பழைய ஜென் 2 வடிவமைப்பு. பின்னதில் ஆறு கோர்கள், ஜென் 3. இந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்கிறது: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3 அல்லது அதன் திருத்தம், 4 என்றால் ஜென் 4. 7520யு உள்ள லேப்டாப்பில் ரேமும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்டவே முடியாது.

இன்டெலில் கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்பது 15 வாட் வகை. பேட்டரி நிற்கும், எடை குறையும். எச் என்பது 45 வாட் வகை. நீண்ட நேரக் கணக்குகளில் அது களைக்காது. ஐ7-1255யு பெயரில் பெரியது. ஆனால் அதில் வேகமான கோர்கள் இரண்டுதான், மற்ற எட்டும் சிக்கனக் கோர்கள். ஐ5-12450எச்-இல் வேகமான கோர்கள் நான்கு. அரை மணி நேரம் ஓடும் சிமுலேஷனில் இந்த ஐ5 பெரும்பாலும் முந்திவிடும். ஐ5-13420எச், கோர் 5 210எச் ஆகியவையும் இதே 4+4 அமைப்பு கொண்டவைதான். பெயர் மாறியதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

இன்டெலின் மலிவு வகைகளான செலரான், என்100 போன்றவை பொறியியலுக்கு ஆகா. ஐ3-1215யு அளவில் உள்ளவை, ரேம் கூட்ட முடிந்தால், கெமிக்கல் மாணவருக்கோ மிகக் குறைந்த பட்ஜெட்டுக்கோ ஒத்துவரும்.

8 ஜிபி ரேம் வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாமா?

கூட்ட இடம் இருந்தால் கூட்டலாம். விவரக் குறிப்பில் ‘சோ-டிம்’ அல்லது ‘ஸ்லாட்’ என்று இருந்தால் இடம் உண்டு. ‘எல்பிடிடிஆர்’, ‘ஆன்போர்டு’, ‘சோல்டர்டு’ என்று இருந்தால் அந்த ரேம் பற்றவைக்கப்பட்டது. ஸ்லாட்டே இல்லாத 8 ஜிபி லேப்டாப்பை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் இயந்திரத்திலேயே சரிபார்க்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று கீழே காட்டும். வடிவம் என்ற இடத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் அது பற்றவைத்தது.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகள் மேல். உள்ளமைந்த கிராபிக்ஸ் இதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. இரண்டு ஸ்டிக் தரும் இரட்டைத் தடம் இருந்தால் முப்பரிமாண வேலை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகமாகும். டிடிஆர்4 ஸ்டிக் டிடிஆர்5 ஸ்லாட்டில் பொருந்தாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. சென்னையில் ரிச்சி தெருவில் வாங்குவதானால் பழைய ஸ்டிக்கைக் கையோடு கொண்டுபோங்கள்.

2025 இறுதியிலிருந்து உலகெங்கும் ரேம் விலை வெகுவாக ஏறியிருக்கிறது. ‘இப்போது 8, அப்புறம் மலிவாக இன்னொரு 8’ என்ற பழைய கணக்கு இப்போது எப்போதும் லாபமாக வராது. 16 ஜிபி மாடலின் விலையையும், 8 ஜிபி மாடலோடு தனி ஸ்டிக்கின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏஐ படிக்க ஆர்டிஎக்ஸ் கார்டு கட்டாயமா?

இல்லை. டீப் லேர்னிங் நூலகங்களுக்கு, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் போன்ற கார்டுகளில் கணக்கு ஓட்டும் கூடா என்ற தளம் பெரிதும் உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் லேப்டாப்பில் கிடைக்கும் ஆர்டிஎக்ஸ் 4050-இல் 6 ஜிபி நினைவகமே உண்டு. பிரவுசரிலேயே நிரல் ஓட்டும் கூகுள் கோலாப் இலவசமாகவே 16 ஜிபி டி4 கார்டைத் தருகிறது. நேர வரம்பு உண்டு, கிடைக்காத வேளையும் உண்டு. வகுப்புப் பயிற்சிக்கு அது போதும்.

வாங்குவது என்று முடிவு செய்தால் வாட் கணக்கைக் கேளுங்கள். ஒரே 4050 கார்டை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் லேப்டாப் நிறுவனம் அமைத்துக்கொள்ளலாம். மெல்லிய உடம்புக்குள் 45 வாட்டில் அடைக்கப்பட்ட கார்டும் 100 வாட்டில் ஓடும் கார்டும் பெயரில் மட்டும்தான் ஒன்று. நிறுவனத்தின் இணையதளத்தில் ‘டிஜிபி’ (TGP) என்ற சொல்லைத் தேடினால் எண் கிடைக்கும். கார்டு உள்ள லேப்டாப் இரண்டு கிலோவுக்கு மேல் போகும், கனமான அடாப்டர் தனி. பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். தினமும் கல்லூரிக்குக் கொண்டுபோகும் மாணவர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேக்புக் வாங்கலாமா? ஸ்னாப்டிராகன் லேப்டாப்?

கணினிப் பிரிவுக்கு மேக்புக் ஏர் அருமையான கருவி. பேட்டரி நாள் முழுக்க நிற்கும், சூடும் இரைச்சலும் குறைவு. மற்ற பிரிவுகளுக்கு வேண்டாம். சாலிட்வொர்க்ஸ், கிரியோ, ரெவிட், ஸ்டாட் புரோ, விவாடோ எதற்கும் மேக் பதிப்பு கிடையாது. பழைய இன்டெல் மேக்கில் விண்டோஸைத் தனியாக ஏற்ற முடிந்தது. எம் வரிசைச் சிப்புகளில் அந்த வழி இல்லை. ரேமையும் பிறகு கூட்ட முடியாது.

ஸ்னாப்டிராகன் விண்டோஸ் லேப்டாப்புகளின் சிக்கல் வேறு. சாதாரண நிரல்களை அவை மொழிபெயர்த்து ஓட்டிவிடும். ஆனால் டிரைவர்களை (செருகும் கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) அப்படி மொழிபெயர்க்க முடியாது, ஸ்னாப்டிராகன் சார்ந்த ஆர்ம் வகைச் சிப்புக்கென்றே எழுதியிருக்க வேண்டும். ஆய்வகத்தில் தரும் பழைய புரோகிராமர் கருவியோ, மென்பொருள் உரிமத்தைச் சரிபார்க்கும் யுஎஸ்பி டாங்கிளோ செருகினால் அடையாளம் தெரியாத கருவி என்று நின்றுவிடும். இசிஇ, இஇஇ மாணவர்கள் இதைத் தவிர்க்கவே வேண்டும்.

எஸ்எஸ்டி (கோப்புகள் தங்கும் சேமிப்பகம்) எவ்வளவு?

512 ஜிபி, வேகமான என்விஎம்இ வகை. 256 இரண்டாம் ஆண்டிலேயே நிரம்பிவிடும். மெதுவான இஎம்எம்சி வகை என்று எழுதியிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். எஸ்எஸ்டி செருகும் எம்.2 துளை இரண்டாவதாக ஒன்று இருந்தால் நல்லது. துளை 2280 நீளமா, குட்டையான 2242-ஆ என்று பார்த்துக்கொண்டு டிரைவ் வாங்குங்கள்.

திரையில் எதைப் பார்க்க வேண்டும்?

பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல், குறைந்தது 1920×1080. கிடைத்தால் 1920×1200 இன்னும் நல்லது, நிரல் வரிகள் கூடுதலாகத் தெரியும். மலிவு மாடல்களில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்’ என்றிருக்கும்; முதலாவது நிற வீச்சு, இரண்டாவது வெளிச்ச அளவு. நிறங்கள் வெளிறியிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் எழுத்து மங்கும். 300 நிட்ஸும் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி நிற வீச்சும் இருக்கும் மாடலுக்கு மூவாயிரம், நாலாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் பார்க்கப் போகும் பொருள். மலிவான டிஎன் பேனலைக் கண்டுபிடிக்கத் தலையைத் தாழ்த்திக் கீழிருந்து பாருங்கள்: நிறம் தலைகீழாக மாறினால் அது டிஎன்.

பேட்டரி ‘8 மணி நேரம்’ என்கிறார்கள். நம்பலாமா?

மணிக்கணக்கை விட்டுவிட்டு, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-ஹவரைப் பாருங்கள். யு வகை லேப்டாப் எழுதுவது, படிப்பது, பிரவுசர் போன்ற வேலைக்கு ஏறத்தாழ 8 வாட் இழுக்கும். 42 வாட்-ஹவர் பேட்டரியை 8-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரம் சொச்சம். வெளிச்சத்தைக் கூட்டி, வீடியோ காலும் ஓடினால் 12 வாட் ஆகும், அப்போது மூன்றரை மணி நேரம். 60 வாட்-ஹவருக்கு மேல் இருந்தால் ஒரு கல்லூரி நாளைத் தாண்டிவிடலாம். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் மாடலாக இருந்தால், சார்ஜர் கெட்ட நாளில் நண்பரின் 65 வாட் சார்ஜரைக் கடன் வாங்கிச் சமாளிக்கலாம்.

சார்ஜ் போட்டுக்கொண்டே தொட்டால் ‘சுர்’ என்கிறதே, ஆபத்தா?

உலோக உடல் உள்ள லேப்டாப்புகளில் இது உண்டு. அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் வழியாக மிகச் சிறிய கசிவு வருகிறது. எர்த் சரியாக இருந்தால் அது தரைக்குப் போய்விடும், இல்லையென்றால் உங்கள் விரல் வழியாகப் போகும். மூன்று பின் அடாப்டரை இரண்டு பின் கன்வர்ட்டரில் செருகுவதும் ஹாஸ்டல் பிளக்கில் எர்த் வேலை செய்யாததும்தான் வழக்கமான காரணங்கள். வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள். எங்கே போட்டாலும் பலமாக அடித்தால் அடாப்டரை மாற்றுங்கள். எர்த் பின்னை ஒருபோதும் உடைக்கக் கூடாது.

அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்பதால் ஸ்டெபிலைசர் தேவையில்லை. இடி மின்னல் நேரத்தில் மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள்.

பட்ஜெட் 30,000-க்குள்தான். பழையது வாங்கலாமா?

தாராளமாக. அந்த விலையில் கிடைக்கும் புதிய செலரானைவிட, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட், எலீட்புக் மேலானவை. விசைப்பலகை உறுதியானது, பல மாடல்களில் ரேம் கூட்டலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11-ஐ ஏற்காத இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். பதினொன்றாம் தலைமுறை கிடைத்தால் நல்லது.

வாங்கும் முன் இரண்டு சோதனை கட்டாயம். ஒன்று, பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) நுழைந்து பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டு, விண்டோஸை ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, முதலிலிருந்து அமையுங்கள். பழைய நிறுவனத்தின் பெயரைக் காட்டி அலுவலக லாகின் கேட்டால் அந்த இயந்திரம் இன்னும் அவர்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேட்டரி தன் அசல் கொள்ளளவில் பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

புது லேப்டாப் வந்ததும் முதலில் என்ன செய்வது?

ஆன்லைனில் வாங்கியிருந்தால் பெட்டி பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். பெட்டி, லேப்டாப்பின் அடிப்பக்கம், பயாஸ் மூன்றிலும் வரிசை எண் ஒன்றாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு வாரண்டி தொடங்கும் தேதியைப் பாருங்கள். நீங்கள் வாங்கிய தேதிக்குச் சில மாதம் முந்தியிருந்தால் பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலில் எஸ்எஸ்டி ஓடிய மணி நேரம் தெரியும். அது நூற்றுக்கணக்கில் இருந்தால் யாரோ பயன்படுத்தியதுதான்.

திரையை முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்பில் வைத்துப் புள்ளிகளைத் தேடுங்கள். எல்லா விசைகளையும் எல்லா துளைகளையும் சோதியுங்கள். திருப்பி அனுப்பும் அவகாசம் முடிவதற்குள் கனமான வேலை ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல லேப்டாப்புகளில் டிரைவ் தானாகவே பூட்டப்படும். பிட்லாக்கர் என்ற இந்தப் பூட்டைத் திறக்கும் மீட்புச் சாவி எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்த பிறகோ லினக்ஸ் ஏற்றும்போதோ திடீரென்று கேட்கும். சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் அனைத்தும் போய்விடும்.

லினக்ஸ் தேவையா?

கணினிப் பிரிவுக்கு வேண்டியிருக்கும். முதலில் லினக்ஸை விண்டோஸுக்குள்ளேயே ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போதும். இரண்டையும் தனித்தனியாக நிறுவும்போது லினக்ஸுக்கு எஸ்எஸ்டி தெரியாமல் போனால், இன்டெல் இயந்திரங்களில் பயாஸில் விஎம்டி என்ற சேமிப்பக அமைப்பு இயங்குவதுதான் வழக்கமான காரணம். அதைச் சட்டென்று அணைத்தால் விண்டோஸ் எழும்பாது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்பும்படி அமைத்து, பிறகு பயாஸில் மாற்ற வேண்டும்.

கல்விக் கடனில் லேப்டாப் சேருமா?

சேரும். வங்கிகள் பின்பற்றும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையென்றால் நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவுக்கு இடம் உண்டு. கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே கடையின் விலைப்புள்ளியை இணைத்துக் கேளுங்கள். பிறகு சேர்ப்பது கடினம். கிரெடிட் கார்டில் ‘வட்டியில்லாத் தவணை’ எடுப்பவர்கள் செயலாக்கக் கட்டணமும் வட்டிப் பகுதி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் தனியாக வரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

வாரண்டியை நீட்டிக்க வேண்டுமா?

ஹாஸ்டலில் தங்கும் மாணவருக்குத் தற்செயல் சேதத்துக்கான பாதுகாப்பு பயன் தரும். கீழே விழுவதும் தண்ணீர் கொட்டுவதும் சாதாரண வாரண்டியில் வராது. உங்கள் ஊரில் அல்லது கல்லூரி இருக்கும் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, அல்லது வீட்டுக்கே ஆள் வருவார்களா என்பதை பிராண்ட் முடிவு செய்வதற்கு முன்பே பாருங்கள்.

நான்கு ஆண்டுகள் ஓட என்ன செய்ய வேண்டும்?

மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். காற்று உறிஞ்சும் துளைகள் அடிப்பக்கம் இருக்கின்றன, அடைத்தால் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை விசிறித் தூசியைச் சுத்தம் செய்யுங்கள். எப்போதும் செருகியே பயன்படுத்துபவர் நிறுவனத்தின் செயலியிலோ பயாஸிலோ சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்தினால் பேட்டரி வீங்குவதும் தேய்வதும் தள்ளிப்போகும். டச்பேட் மேலெழுந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். அப்போது சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். புராஜெக்ட் கோப்புகளுக்கு இன்னொரு நகல் ஆன்லைனிலோ வெளி டிரைவிலோ எப்போதும் இருக்கட்டும்.